ஃபேஸ்லிஃப்டா, நூலா, ஊசியா: அக்காவுக்காகப் போட்டுப் பார்த்த கணக்கு

என் அக்காவுக்கு 57 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் சுகர் என்று தெரிந்ததிலிருந்து தினமும் விடிகாலையில் எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கிறாள், ராத்திரிச் சோற்றை விட்டாள், மெல்ல மெல்ல 14 கிலோ இறங்கினாள். உடம்பு தேறியது, முகம் இறங்கிவிட்டது. கன்னத்துச் சதை தாடையோரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, கழுத்தில் இரண்டு பக்கமும் வார் பிடித்து இழுத்த மாதிரி பட்டை தெரிகிறது. திருப்பாப்புலியூர் மார்க்கெட்டிலும் கோயிலிலும் தெரிந்தவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "உடம்புக்கு என்னம்மா?" "நோயோட இருந்தப்ப யாரும் கேக்கலடி, நல்லா ஆனப்புறம்தான் கேக்கறாங்க" என்று அவள் சொன்ன அன்றைக்கு எனக்கு அவள் மனசு புரிந்தது.

தை மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். ஆனியில் ஒரு நாள், தொய்ந்த முகத்தைத் தூக்கிவிடுகிற ஃபேஸ்லிஃப்ட் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று கேட்டாள். மாமா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். எனக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் 19 வருடமாக இருக்கிறேன், டி.ஃபார்ம் படித்தவள், டாக்டர் கிடையாது. அதனால் புதுச்சேரியில் ஒரு சர்ஜனையும் சென்னையில் ஒரு சர்ஜனையும் அக்காவோடு போய்ப் பார்த்தேன், கேட்டதை எல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன், வீட்டில் உட்கார்ந்து படித்தேன். அதே கேள்வியோடு இருக்கிறவர்கள் நம் பக்கத்திலும் இருப்பார்கள், வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எந்த வழி அதிகம் பலன் தரும், எது எத்தனை வருடம் தாங்கும் என்றுதான் எல்லா இடத்திலும் ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். நான் வேறு மாதிரி ஒப்பிட்டேன். ஒவ்வொரு வழியிலும் என்ன கெடலாம், கெட்டால் எவ்வளவு நேரத்துக்குள் டாக்டர் கை பட வேண்டும், பட்டால் பழையபடி ஆகுமா. இதில் நடுவில் இருக்கிற கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை, கடலூரில் இருக்கிற நமக்கு அதுதான் முக்கியம்.

முதலில் ஃபேஸ்லிஃப்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தோலை இழுத்துத் தைப்பது என்றுதான் அக்காவே நினைத்திருந்தாள். தோலை மட்டும் இழுத்தால் அது கொஞ்ச நாளில் திரும்பத் தொய்ந்துவிடும், தழும்பும் அகலமாகும். தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே முகத் தசைகளை மூடிக்கொண்டு ஒரு மெல்லிய உறை இருக்கிறது, சுருக்கமாக 'ஸ்மாஸ்' என்பார்கள். 1976-ல் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், மிட்ஸ், பெய்ரோனி, அதை விளக்கி எழுதிய பிறகு இந்த ஆபரேஷனே மாறிவிட்டது. இப்போது நெற்றிப்பொட்டின் முடியோரத்தில் தொடங்கி, காதுக்கு முன்னால் இறங்கி, காதுமடலைச் சுற்றிப் பின்பக்கம் முடிக்குள் போகிற மாதிரி கீறி, தோலைப் பிரித்து, அந்த உறையைத் தூக்கி மடித்துத் தைக்கிறார்கள், மிச்சத் தோலை வெட்டி எடுத்துவிட்டு இழுப்பே இல்லாமல் மூடுகிறார்கள். 3 மணி நேரம், 5 மணி நேரம்கூட ஆகலாம். தாடையோரமும் கழுத்தும் நன்றாகத் தேறும். நெற்றிக் கோடு, கண் சுருக்கம், உதட்டுக்கு மேலே உள்ள மெல்லிய கோடு, மங்கு, இதெல்லாம் போகாது. ஏழிலிருந்து பத்து வருடம் பலன் இருக்கும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், வயது அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது என்ன கெடலாம் என்பது. ஃபேஸ்லிஃப்டில் அதிகமாக வருவது ரத்தக்கட்டு. பிரித்துவைத்த தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்து தேங்குவது. பெண்களில் 100 பேருக்கு 1 முதல் 3 பேருக்கு வருகிறது, ஆண்களுக்கு அதைவிடக் கூட, ஏனென்றால் தாடி வளர்கிற தோலுக்கு ரத்த ஓட்டம் அதிகம். சின்னதாக இருந்தால் ஊசி வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். பெரிதாக வளர்கிற வகை இருக்கிறதே, அதுதான் அவசரம். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வலி கூடும், கன்னம் கல் மாதிரி இறுகும், உதடு வீங்கும், கட்டு இறுக்குகிறது என்று நோயாளி தவிப்பார். உடனே தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தையலைப் பிரித்து ரத்தத்தை எடுத்து, கசிகிற இடத்தை அடைக்க வேண்டும். தாமதமானால் அழுத்தத்தில் மேல்தோலுக்கு ரத்தம் போகாமல் தோல் கறுத்துச் செத்துப்போகும். கழுத்துப் பக்கம் பெருகினால் மூச்சுக்கே தொந்தரவு.

இது எப்போது வரும்? பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த முதல் 24 மணி நேரத்துக்குள். இதைக் கேட்டதும் நான் வைத்திருந்த தாளில் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் பெரிதாக எழுதினேன்: முதல் ராத்திரி அக்கா எங்கே படுப்பாள்?

சென்னை டாக்டரிடம் அனுபவம் அதிகம், சந்தேகமே இல்லை, அவர் பேசிய விதமும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அங்கே ஒரு நாள் வைத்திருந்து மறுநாள் காலையில் அனுப்பிவிடலாம் என்றார்கள். மறுநாள் காலையில் காரில் ஏறினால் ஈ.சி.ஆர். வழியாகக் கடலூர் வர நாலு மணி நேரம். மரக்காணம் தாண்டி வரும்போது கன்னம் இறுக ஆரம்பித்தால் யாரைக் கூப்பிடுவது? பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் ரத்தக்கட்டைப் பார்த்ததும் தையலைப் பிரிக்கத் தயங்குவார், அது நியாயம்தான், வேறொருவர் செய்த முகம். புதுச்சேரி என்றால் எங்கள் வீட்டிலிருந்து 25 கிலோமீட்டருக்குள். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், தவளக்குப்பம் தாண்டினால் அரியாங்குப்பத்தில் வண்டி நிற்கும், சனி ஞாயிறு என்றால் ரொம்பவே நிற்கும். அதையும் சேர்த்து ஒரு மணி நேரம். அதனால் சென்னையில் செய்தால் குறைந்தது ஒரு வாரம், தையல் பிரிக்கிற வரை, சென்னையிலேயே தங்க வேண்டும். புதுச்சேரியில் செய்தால் இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியிலோ அல்லது லாஸ்பேட்டையில் இருக்கிற அத்தை வீட்டிலோ. சும்மா வாடகைக் கணக்கு போடுகிற மாதிரி இதைப் பார்க்கக் கூடாது, தூரமும் ஒரு சிக்கல்தான், ஒப்புதல் படிவத்தில் அது மட்டும் அச்சாகியிருக்காது.

ரத்தக்கட்டுக்கு முக்கியமான காரணம் பி.பி. அக்காவுக்கு பி.பி. மாத்திரை உண்டு, ஒழுங்காகப் போட்டாலும் 150-க்குப் பக்கத்தில் நின்றது. மயக்கம் தெளிகிற நேரத்தில் இருமல், வாந்தி, வலி, பயம் எல்லாம் சேர்ந்து பி.பி.யை ஏற்றிவிடும், கட்டியிருந்த சின்ன ரத்தக்குழாய் ஒன்று திறந்துகொண்டால் போதும். ஆகவே பி.பி. கைக்குள் வராமல் தேதி கொடுக்கிற டாக்டரை நான் நம்பமாட்டேன். புதுச்சேரி டாக்டர் தேதியே தரவில்லை, ஒரு மாதம் வீட்டில் காலையும் மாலையும் பி.பி. பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

இரண்டாவது, ரத்தம் இளகவைக்கிற மருந்துகள். இது என் வேலையோடு சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆஸ்பிரின் மாத்திரை, டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை இதெல்லாம் டாக்டர் கேட்பார், நீங்களும் சொல்வீர்கள். கேட்காமல் விட்டுப்போகிறது மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, கிங்கோ என்கிற மூலிகை மாத்திரை, அப்புறம் பெயரே இல்லாத நாட்டு மருந்துப் பொடி. 'இதெல்லாம் மருந்தா' என்று நினைத்து யாரும் சொல்வதில்லை. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேஜையில் கொட்டிவிடுங்கள், எதை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று அவர் பார்த்துச் சொல்வார். ஆனால் ஒன்று, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. இதய டாக்டர் நிறுத்தக் கூடாது என்றால் முக ஆபரேஷன்தான் நிற்க வேண்டும், மாத்திரை நிற்கக் கூடாது.

சுகர் மாத்திரையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இப்போது நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள், அக்காவுக்கும் உண்டு. ஆபரேஷனுக்குப் பட்டினி இருக்கும்போது இவை உடம்பில் இருந்தால், சுகர் அளவு சாதாரணமாகக் காட்டிக்கொண்டே ரத்தம் அமிலமாகிவிடலாம், அதனால் குறைந்தது 3 நாள் முன்னால் நிறுத்தச் சொல்வார்கள். மயக்க மருந்து டாக்டரிடம் மாத்திரை பெயரைச் சொல்லியே ஆக வேண்டும், "சுகர் மாத்திரை போடறேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. உடம்பு இளைக்க வாராவாரம் ஊசி போடுகிறவர்களும் சொல்ல வேண்டும், அது இரைப்பையில் சாப்பாட்டை அதிக நேரம் தங்கவைக்கும், மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகிற ஆபத்து அதனால் கூடும்.

அடுத்து தோல் செத்துப்போவது. காதுக்குப் பின்னால்தான் அதிகம் வரும், ரத்தம் வர வேண்டிய தூரம் அங்கேதான் அதிகம். புகைபிடிக்கிறவர்களுக்கு இது ஏறக்குறைய 12 மடங்கு அதிகம் என்று 1984-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது, அதற்குப் பிறகு எந்த சர்ஜனும் இதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. குறைந்தது 4 வாரம் முன்னாலிருந்தே நிறுத்த வேண்டும். அக்கா புகைப்பதில்லை. ஆனால் நம் பக்கத்தில் வெற்றிலையோடு புகையிலை போடுகிற பெண்கள் எத்தனை பேர்! அதுவும் நிக்கோட்டின்தான், ரத்தக் குழாயைச் சுருக்குகிற வேலையை அதுவும் செய்யும். டாக்டர் "சிகரெட் உண்டா" என்று கேட்பார், "இல்லை" என்று உண்மையைத்தான் சொல்வோம், புகையிலை பேச்சிலேயே வராது. சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் ஆறுவது தாமதமாகும்.

அக்கா ரொம்பப் பயந்தது நரம்புக்கு. வாய் கோணிக்கொள்ளுமா என்று மூன்று தடவை கேட்டாள். முகத்தை அசைக்கிற நரம்பு ஐந்து கிளையாகப் பிரிந்து அந்த உறைக்கு அடியில்தான் ஓடுகிறது, அதனால் பயம் ஆதாரமில்லாதது இல்லை. புருவம் தூக்குகிற கிளை, கீழுதட்டை இறக்குகிற கிளை, இரண்டிலும் அடிபட்டால் வெளியே தெரியும். ஒரு பக்கப் புருவம் எழும்பாது, சிரிக்கும்போது கீழுதடு ஒரு பக்கம் மட்டும் இறங்கும். பெரும்பாலும் வீக்கத்தாலும் இழுவையாலும் வருவது, சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் திரும்பிவிடும். நிரந்தரமாக நிற்பது 100-ல் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அந்த ஒருவருக்கு அது முழுசு. நிரந்தரமானால் பழையபடி ஆக்குவது ரொம்பக் கஷ்டம், எனவே என் தாளில் மூன்றாவது கேள்விக்கு நேரே இதற்கு "இல்லை" என்று எழுதினேன், அக்காவிடம் மறைக்கவில்லை.

உணர்ச்சி நரம்பில் அதிகம் அடிபடுவது காதுமடலுக்குப் போகிற நரம்பு. காதும் கன்னமும் மரத்துப்போவது எல்லோருக்குமே சில மாதம் இருக்கும், அந்த நரம்பே அறுபட்டால் காது சோணை மரத்தபடியே நின்றுவிடலாம். நம் பெண்களுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தோடு கழன்று விழுந்தால் தெரியாது, திருகாணி அழுத்திப் புண்ணானால் தெரியாது, தலை காயவைக்கிற மெஷின் சூடு பட்டால் தெரியாது. அதோடு, தையல் இழுப்பாக அமைந்தால் காது சோணை கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஏற்கெனவே கனத்த கம்மல் போட்டு ஓட்டை நீண்டுபோன காதுக்கு அது இன்னும் தெரியும். காது குத்திய இடத்தில் உங்களுக்குக் கட்டி கட்டியாகத் தழும்பு வளர்ந்ததுண்டா? இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், நம் மாதிரி மாநிறத் தோலுக்குக் கீலாய்டு வருகிற வாய்ப்பு அதிகம், காதோரம் அது விரும்பி வளர்கிற இடம். இன்னொன்று எனக்குத் தோன்றியது, டாக்டர்கள் யாரும் சொல்லவில்லை. முடியை விரித்துப்போடுகிறவர்களுக்குக் காதுக்குப் பின்னால் இருக்கிற தழும்பு மறைந்துவிடும். இழுத்து வாரிப் பின்னி, கொண்டை போட்டு மல்லிகை வைக்கிற நமக்கு அது அப்படியே தெரியும். தழும்பு எங்கே வரும் என்று காட்டச் சொல்லும்போது கொண்டை போட்டுக்கொண்டு போய் உட்காருங்கள்.

கிருமித் தொற்று, காலில் ரத்தம் உறைவது, நெற்றிப்பொட்டுப் பக்கம் முடி கொட்டுவது, இரண்டு கன்னமும் ஒரே மாதிரி அமையாதது, இவையும் உண்டு, நீட்டவில்லை. மனசு சோர்ந்துபோவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் வீங்கி, நீலம் மஞ்சளாக, அடையாளமே தெரியாத முகத்தைக் கண்ணாடியில் பார்த்து 'ஏன் செய்தோம்' என்று அழுகிறவர்கள் நிறைய. வீட்டில் "நான்தான் அப்பவே வேண்டாம்னேனே" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் அது இன்னும் கனக்கும். மாமாவிடம் இதை நான் தனியாக உட்காரவைத்துச் சொன்னேன்.

சரி, இத்தனை பயம் எதற்கு, நூல் போட்டுத் தூக்கிவிடலாமே என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் முடித்துக்கொண்டு வேலைக்குப் போகலாமாம். கரையக்கூடிய பி.டி.ஓ. நூலை ஊசியால் தோலுக்கடியில் செலுத்தி, முள் மாதிரி இருக்கிற அதன் கொக்கியில் சதையை மாட்டி இழுப்பது. நூல் சுமார் ஆறு மாதத்தில் கரைந்துவிடும், தூக்கல் பெரும்பாலும் ஒரு வருடம்கூட நிற்காது. மயக்க மருந்து இல்லை, பெரிய ரத்தக்கட்டு அபூர்வம், கெட்டாலும் பெரும்பாலும் நாள் கணக்கில் நேரம் இருக்கிறது. என் மூன்று கேள்வியில் இரண்டாவதற்கு நல்ல மார்க். ஆனால் அக்காவுக்கு இருப்பது மிச்சத் தோல். 14 கிலோ இறங்கிய முகத்தில் வெட்டி எடுக்க வேண்டிய தோலை நூல் எங்கே கொண்டுபோய் வைக்கும்? காதோரம் சுருக்கி வைக்கும். என்னோடு கடையில் வேலை பார்த்த ஒரு பெண் போன வருடம் வேறு ஓர் இடத்தில் நூல் போட்டுக்கொண்டாள். ஒரு கன்னத்தில் குழி விழுந்து, வாயைத் திறந்தால் சுருக்கென்று இழுத்து, நூலின் முனை தோலுக்கடியில் கைக்குத் தட்டுப்பட்டது. போட்ட இடத்தில் "சரியாகிவிடும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் வேறு டாக்டர்தான் எடுத்தார். லேசாகத் தளர்ந்த, 40 வயதையொட்டிய முகத்துக்கு இது ஒரு வழி. அக்காவுக்கு இல்லை. நூல் போட்டவர்கள் பின்னால் ஃபேஸ்லிஃப்டுக்குப் போனால் அதை மறக்காமல் சொல்ல வேண்டும், உள்ளே ஒட்டிப்போயிருக்கும்.

ஃபில்லர் ஊசியைத்தான் எல்லோரும் ஒன்றுமில்லாத விஷயமாகப் பேசுகிறார்கள், எனக்கு மிகவும் பயம் தந்தது அதுதான். ஹயலூரானிக் அமிலம் என்கிற ஜெல்லை ஊசியில் ஏற்றிப் பள்ளமான இடத்தை நிரப்புவது, ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் இருக்கும். வீக்கம், கன்றிப்போவது எல்லாம் சாதாரணம். ஆனால் ஜெல் தவறி ஒரு ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் அந்தக் குழாய் நம்பியிருந்த தோல் சாகும், புருவத்துக்கு நடுவிலோ மூக்கிலோ போடும்போது கண்ணுக்குப் போகிற குழாயை அடைத்தால் பார்வையே போகலாம். மிக மிக அபூர்வம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வந்தால் கையில் இருப்பது நிமிடக் கணக்கு. போட்ட இடம் வெளுத்துப்போவது, வலை போட்ட மாதிரி நீலம் பாய்வது, தாங்க முடியாத வலி, கண் மங்குவது, இதைப் பார்த்தால் வீட்டுக்குப் போய் ஐஸ் வைக்கக் கூடாது, அந்த இடத்திலேயே ஹயலூரானிடேஸ் ஊசி போட்டுக் கரைக்க வேண்டும். "ஹயலூரானிடேஸ் உங்கள் அறையில் இருக்கிறதா, காட்டுங்கள்" என்று கேளுங்கள். முழிக்கிறவர்களிடம் ஃபில்லர் போட்டுக்கொள்ளாதீர்கள், அழகு நிலையத்தில் போடுகிறார்கள் என்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள். அதோடு தொங்குகிற முகத்தை நிரப்பி நிமிர்த்த நினைத்தால் ஊதிப்போன முகம்தான் கிடைக்கும்.

தசையைத் தளர்த்துகிற போட்டாக்ஸ் ஊசி தொங்கலுக்கு மருந்தே இல்லை, நெற்றிக் கோட்டுக்குத்தான், 3 அல்லது 4 மாதம். தப்பாகப் பரவினால் இமை சரியும், ஆனால் மருந்து தீரும்போது அதுவும் தீர்ந்துவிடும். ஹைஃபூ என்கிற ஒலி அலை, ரேடியோ அலை மாதிரி சூடு கொடுக்கிற மெஷின்களில் பலனும் கொஞ்சம், ஆபத்தும் கொஞ்சம், சூட்டுக்காயமும் கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் இன்னும் ஒட்டிப்போவதும் உண்டு. ஏற்கெனவே இளைத்த அக்காவுக்கு அந்தக் கொழுப்பை இழக்கக் கட்டுப்படியாகாது.

மினி ஃபேஸ்லிஃப்ட் என்று ஒன்றையும் புதுச்சேரி டாக்டர் சொன்னார். கீறல் காதுக்கு முன்னாலேயே முடிந்துவிடும், பிரிக்கிற தோலும் குறைவு, முழு மயக்கம் இல்லாமல் மரக்கவைத்தே செய்யலாம். சிக்கல்கள் அதே வகைதான், அளவு குறைவு. ஆனால் கழுத்துக்குப் பெரிதாக எதுவும் செய்யாது என்று அவரே சொல்லிவிட்டார். அக்காவைக் கண்ணாடியில் வருத்துவது பாதிக்கு மேல் கழுத்துதான். பாதி வேலைக்கு முக்கால் ஆபத்தை ஏற்பதில் எனக்கு மனமில்லை. தாடையோரம் மட்டும் தளர்ந்தவர்களுக்கு இது நல்ல வழியாக இருக்கலாம்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழி, அதையும் தாளில் எழுதினேன். எடை ஒரே இடத்தில் நிற்கட்டும், கடற்கரை வெயிலுக்கு முன்னால் நடையை முடிக்கட்டும், சன்ஸ்கிரீன், தோல் டாக்டர் எழுதித் தருகிற ரெட்டினாய்டு க்ரீம். தோல் தெளியும், தொங்கல் அப்படியேதான் இருக்கும். என் கடைக்கு வந்து ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் பெயர் சொல்லிக் கேட்கிற பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். இரண்டு மாதம் பளபளப்பு, அப்புறம் மெலிந்து, சிவந்து, முடி முளைத்த தோல். அந்தத் தோலோடு எந்த சர்ஜனிடம் போனாலும் முதலில் அதைத்தான் சரி செய்ய வேண்டியிருக்கும்.

யாரிடம் போவது என்பதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. எம்.எஸ். முடித்து அதற்கு மேல் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் பிளாஸ்டிக் சர்ஜரியில் வாங்கியவரா, மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன, வருடத்தில் எத்தனை ஃபேஸ்லிஃப்ட் செய்கிறார், ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தக்கட்டு என்றால் அவரே வருவாரா, மயக்க மருந்து டாக்டர் ராத்திரி அங்கே இருப்பாரா. 'எஸ்தெடிக்' என்று பலகை போட்டால் மட்டும் சர்ஜன் ஆகிவிட முடியாது. நம் பக்கத்தில் முகக் காயத்துக்கும் தீக்காயத்துக்கும் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவோம், அங்கே பிளாஸ்டிக் சர்ஜரி துறையும் இருக்கிறது. ஆனால் வேறிடத்தில் ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்டு கெட்டுப்போனால் அங்கே போகலாம் என்று முன்கூட்டியே திட்டம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. செய்கிறவர்தான் பார்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றி இரண்டு வரி. அழகுக்காகச் செய்கிற ஆபரேஷனை மருத்துவக் காப்பீடு ஏற்காது. மற்ற சிகிச்சைக்கு இல்லாத ஜி.எஸ்.டி. இதற்கு 18 சதவீதம் உண்டு. திரும்பத் தியேட்டருக்குப் போக வேண்டி வந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள், அக்கா கேட்கக் கூச்சப்பட்டாள், நான் கேட்டேன், டாக்டர் கோபிக்கவில்லை.

கடைசியில் தாளைப் பார்த்தால் அக்காவுக்கு உண்மையில் இரண்டே வழிதான் மிச்சம்: முழு ஃபேஸ்லிஃப்ட், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம். நடுவில் இருக்கிற எதுவும் அவள் முகத்துக்குப் பொருந்தவில்லை. முழு ஃபேஸ்லிஃப்ட் என்றால் தை மாதத்துக்கு முன்னால் கூடாது என்று நான் அடித்துச் சொன்னேன். கன்றல் போக இரண்டு மூன்று வாரம், வீக்கம் முழுசாக வடிய மாதக் கணக்கு, தழும்பு வெளுக்க ஒரு வருடம்கூட ஆகலாம். ஐப்பசியில் செய்து எல்லாம் ஒழுங்காகப் போனால் கல்யாணத்துக்குத் தேறிவிடுவாள். நரம்பு கொஞ்சம் மந்தமாகித் திரும்ப நாலு மாதம் எடுத்தால் மணமேடையில் மகள் பக்கத்தில் ஒரு பக்கம் கோணின சிரிப்போடு நிற்க வேண்டும், எல்லாப் போட்டோவிலும் அது இருக்கும். தேதி குறித்துக்கொண்டு செய்தால் பி.பி. நிற்காவிட்டாலும் "பரவாயில்லை, செய்துவிடலாம்" என்று நாமே டாக்டரை நெருக்குவோம். எனக்கு அந்தப் பயமும் இருந்தது.

அக்கா ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் கடைக்கு வந்து நோட்டு ஒன்றை நீட்டினாள், காலை மாலை பி.பி. எழுதியிருந்தது, உப்பைக் குறைத்து, மாத்திரையை டாக்டர் மாற்றிய பிறகு 130-க்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. கல்யாணம் முடியட்டும், பங்குனியில் புதுச்சேரியிலேயே பார்க்கலாம், அதற்குள் வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்கிறாள். மாமா இன்னும் சம்மதம் சொல்லவில்லை, ஆனால் முதல் இரண்டு ராத்திரி அத்தை வீட்டில் யார் முழித்திருப்பது என்ற பேச்சு வந்தபோது, முதல் ராத்திரி தான் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.